மேக் முடிஞ்சது, எர்ரர் இல்லை, ஆனா பிப் ஓடலை: உபுண்டுவில் சோர்ஸிலிருந்து பைத்தான் 3.12

நவம்பர் 3, 2025, மாலை 6.10 · கேள்வி

உபுண்டு 22.04 சர்வர். கூடவே வர்றது பைத்தான் 3.10. ஒரு ப்ராஜெக்டுக்கு 3.12 கட்டாயம். 3.12.12 சோர்ஸை இறக்கி கான்ஃபிகர் (மெஷினைச் சோதிக்கிறது), மேக் (கட்டுறது), சுடோ மேக் இன்ஸ்டால் (நிறுவுறது) மூணும் ஓட்டினேன். எங்கேயும் நிக்கல. அப்புறம் ஒரு பதிவுல பார்த்தபடி அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் வச்சு /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 ஐ புதுசு பக்கம் திருப்பிட்டேன். இப்ப பிப் (பைத்தான் பேக்கேஜ் போடுற கருவி) எதையும் இறக்க மாட்டேங்குது, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லைங்குது. உபுண்டுவோட பேக்கேஜ் கருவி ஏபிடில அப்டேட் போட்டா கடைசியில "நோ மாட்யூல் நேம்ட் ஏபிடி_பிகேஜி". பழைய பைத்தானை முழுசா நீக்கிட்டு மறுபடி போட்டா சரியாயிடுமா?

நவம்பர் 3, இரவு 8.45 · பதில்

நீக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ஏபிடி ரிமூவ் பைத்தான்3 என்று அடித்தால் அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் எல்லாம் பட்டியலாக வரும். கவனிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் பாதி சிஸ்டம் போய்விடும். டெஸ்க்டாப் மெஷின் என்றால் டெஸ்க்டாப்பே போகும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சனை. ஏபிடி பிழைக்குக் காரணம் நீங்கள் திருப்பிய சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர். ஏபிடி_பிகேஜி என்பது சி-யில் எழுதி 3.10க்கு என்றே கம்பைல் செய்த மாட்யூல். அந்தக் கோப்பின் பெயரிலேயே "சிபைத்தான்-310" என்று இருக்கும். 3.12 அதை ஏற்றாது. /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்று முதல் வரியில் எழுதியிருக்கும் உபுண்டுவின் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இப்போது தப்பான பைத்தானில் ஓடுகின்றன. ஏபிடி அப்டேட்டின் கடைசியில் கமாண்ட்-நாட்-ஃபவுண்ட் தன் பட்டியலைப் புதுப்பிக்கும், அங்கேதான் விழுகிறது. ஆட்-ஏபிடி-ரெப்பாசிட்டரியும் இதே பிழையோடுதான் விழும்.

சரி செய்ய இரண்டே கட்டளை. சுடோ அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3. அடுத்து சுடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3. வரிசை மாறக்கூடாது. முதல் கட்டளை அந்த லிங்கையே அழித்துவிடும், இரண்டாவதுதான் திரும்ப வைக்கும். பிறகு ஏபிடி அப்டேட் ஓட்டிப் பாருங்கள். அது சுத்தமாக முடிந்த பிறகு 3.12 பக்கம் வரலாம்.

நவம்பர் 4, காலை 7.20

இனி பிப் கதை.

சிபைத்தானின் (சி-யில் எழுதிய, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தான்) பில்ட் முறையில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் பல மாட்யூல்கள் வெளி சி-லைப்ரரிகளை நம்பியிருப்பவை. அவற்றின் ஹெடர் கோப்புகள் (கம்பைல் செய்யத் தேவையானவை, 'டெவ்' பேக்கேஜ்களில் வரும்) கிடைக்காவிட்டால் பில்ட் நிற்காது. அந்த மாட்யூலை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். மேக் ஓடி முடிந்ததும் நூற்றுக்கணக்கான வரிகளுக்குக் கீழே ஒரு பத்தி வரும்: இந்த ஆப்ஷனல் மாட்யூல்களுக்கு வேண்டியவை கிடைக்கவில்லை என்று சொல்லி, கீழே பெயர்ப் பட்டியல். எக்சிட் கோட் பூஜ்யம்தான். சிவப்பு எழுத்து கிடையாது. மேக்கையும் மேக் இன்ஸ்டாலையும் && போட்டு ஒரே வரியில் ஓட்டினால் இந்தப் பத்தி கண்ணில் படவே படாது.

உங்கள் பட்டியலில் _எஸ்எஸ்எல், _ஹாஷ்லிப் இரண்டும் நிச்சயம் இருந்திருக்கும். ஜீலிப் இருந்திருக்காது. ஜீலிப் இல்லையென்றால் மேக் இன்ஸ்டாலின் கடைசிப் படியான என்ஷூர்பிப், பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் எர்ரரோடு விழும்.

22.04இல் முதலில் போட வேண்டியவை, காரணத்தோடு:

பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கான்ஃபிகர் பல லைப்ரரிகளை இதைக் கேட்டுத்தான் தேடுகிறது.
லிப்எஸ்எஸ்எல்-டெவ் (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியுடையது). இல்லையென்றால் பிப் இல்லை, ஹெச்டிடிபிஎஸ் இல்லை.
ஜீலிப்1ஜி-டெவ், லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ். சுருக்கிய கோப்புகளுக்கு. பாண்டாஸ் இம்போர்ட் செய்யும்போது _எல்இசட்எம்ஏ இல்லை என்று வந்தால் மூன்றாவதுதான் விடுபட்டது.
லிப்எஃப்எஃப்ஐ-டெவ். _சிடைப்ஸ் இதில்தான் நிற்கிறது. 3.7க்கு முன் லினக்ஸில் இதன் பிரதி சிபைத்தான் சோர்ஸுக்குள்ளேயே இருந்தது, இப்போது இல்லை. பழைய பதிவுகளின் பட்டியலில் இது காணாமல் போவது அதனால்தான்.
லிப்எஸ்கியூலைட்3-டெவ். ஜாங்கோ இல்லாமல்கூட ஜூபிட்டருக்கு வேண்டும்.
லிப்ரீட்லைன்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், யூயூஐடி-டெவ், லிப்ஜிடிபிஎம்-டெவ்.
டிகே-டெவ் சர்வருக்குத் தேவையில்லை. பட்டியலில் _டிகின்டர் வந்தால் கவலைப்படாமல் விட்டுவிடலாம்.

நவம்பர் 4, காலை 7.50

மேலே விட்டது: டெவ் பேக்கேஜ்களைப் போட்ட பிறகு மேக் மட்டும் மறுபடி ஓட்டினால் போதாது. இப்போதைய பதிப்புகளில் மாட்யூல் தேடல் முழுக்க கான்ஃபிகருக்குள் நடக்கிறது. மேக் டிஸ்ட்க்ளீன், பிறகு கான்ஃபிகர், பிறகு மேக். பழைய பதிப்புகளில் செட்டப்.பிஒய்தான் மேக் நேரத்தில் தேடும். அந்தக் காலத்து அறிவுரை இப்போது ஒத்து வராது.

இதில் ஒரு நல்லதும் உண்டு. இப்போது கான்ஃபிகரின் வெளியீட்டிலேயே "செக்கிங் ஃபார் எஸ்டிடிலிப் எக்ஸ்டென்ஷன் மாட்யூல் _எஸ்எஸ்எல்" என்று மாட்யூலுக்கு ஒரு வரி வருகிறது. எதிரே எஸ், மிஸ்ஸிங், டிசேபிள்டு, என்/ஏ என்று ஒரு சொல். வெளியீட்டை டீ கட்டளை வழியாக ஒரு கோப்பில் பிடித்து "மிஸ்ஸிங்" என்று கிரெப் செய்தால் ஒரு நிமிடத்தில் நிலவரம் தெரிந்துவிடும். மேக் முடிய இருபது நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

நவம்பர் 4, மதியம் 1.05 · வேறொரு வாசகர்

பட்டியலை மனப்பாடம் செய்வதற்குப் பதில் சுடோ ஏபிடி பில்ட்-டெப் பைத்தான்3.10 போதுமே? எல்லாம் தானாக வரும்.

நவம்பர் 4, இரவு 9.30

வரும், ஆனால் முதலில் சோர்ஸ் பேக்கேஜ்களின் இடத்தைச் சொல்லும் டெப்-எஸ்ஆர்சி வரிகளைத் திறந்துவிட வேண்டும். 22.04இல் /ஈடிசி/ஏபிடி/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் அவை # போட்டு மூடியிருக்கும். 24.04இல் இடமே வேறு: சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் உபுண்டு.சோர்சஸ் கோப்பு, அதில் டைப்ஸ் வரியில் டெப்-எஸ்ஆர்சியையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இது டிஸ்ட்ரோவின் பேக்கேஜைக் கட்டுவதற்கான பட்டியல். ஆவணம் தயாரிக்கும் கருவிகள் வரை இழுத்து வரும். மேசை மேலிருக்கும் மெஷினில் வசதி. ப்ரொடக்ஷன் சர்வரில் மேலே உள்ள சிறு பட்டியலையே போடுவேன்.

நவம்பர் 5, இரவு 10.15

எங்கே நிறுவுவது. இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். கம்பைல் தப்பினால் மறுபடி கம்பைல் செய்யலாம். இடம் தப்பினால் சிஸ்டம் தொல்லை தரும்.

ப்ரிஃபிக்ஸ் (நிறுவும் அடைவு) எதுவும் கொடுக்காவிட்டால் /யூஎஸ்ஆர்/லோக்கல். பாத் (கட்டளைகளை ஷெல் தேடும் அடைவுகளின் பட்டியல்) வரிசையில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், /யூஎஸ்ஆர்/பின்னுக்கு முன்னால் நிற்கிறது. மேக் இன்ஸ்டால் அங்கே பைத்தான்3 என்ற பெயரையும் வைக்கிறது. அதனால் அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸைத் தொடாமலேயே, "என்வ் பைத்தான்3" என்று தொடங்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் புதியதற்குப் போய்விடும். மேக் ஆல்ட்இன்ஸ்டால் பைத்தான்3.12, பிப்3.12 என்று எண் சேர்ந்த பெயர்களை மட்டும் வைக்கும். /யூஎஸ்ஆர்/லோக்கலில்தான் போடுவேன் என்றால் ஆல்ட்இன்ஸ்டால் தவிர வேறு வழி கிடையாது.

என் பரிந்துரை தனி அடைவு. --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/பைத்தான்/3.12.12. காரணம் ஒன்றே: சிபைத்தானின் மேக்ஃபைலில் அன்இன்ஸ்டால் என்ற இலக்கே கிடையாது. தனி அடைவு என்றால் ஆர்எம் -ஆர்எஃப் ஒன்று போதும்.

உங்கள் /யூஎஸ்ஆர்/லோக்கலில் ஏற்கெனவே இறங்கியதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். பின் அடைவில் பைத்தான்3, பைத்தான்3.12, இரண்டின் -கான்ஃபிக் கோப்புகள், பைடாக்3, ஐடில்3, 2டு3, பிப்3, இவற்றின் எண் சேர்ந்த பெயர்கள். லிப் அடைவில் பைத்தான்3.12 அடைவு முழுவதும், லிப்பைத்தான்3.12.ஏ, பிகேஜிகான்ஃபிக்குக்குள் பைத்தான் என்று தொடங்கும் .பிசி கோப்புகள். இன்க்ளூட் அடைவில் பைத்தான்3.12. ஷேர்/மேன்/மேன்1இல் பைத்தான்3.1, பைத்தான்3.12.1.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/பைத்தான்3.10 என்று ஒரு அடைவு இருக்கலாம், உள்ளே டிஸ்ட்-பேக்கேஜஸ். அது உபுண்டுவின் 3.10 பிப் வழியாகப் போட்டவற்றை வைக்கும் இடம். நீங்கள் கட்டிய பைத்தான் சைட்-பேக்கேஜஸ் என்ற பெயரைப் பயன்படுத்தும். இந்த இரண்டும் கலந்துவிடக்கூடாது என்பதற்காகவே டெபியன் குடும்பம் பெயரை மாற்றி வைத்திருக்கிறது.

அழித்த பிறகு பைத்தான்3 என்று அடித்தால் "நோ சச் ஃபைல்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். பேஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஹாஷ் -ஆர், முடிந்தது.

நவம்பர் 6, காலை 6.40 · கேள்வி கேட்டவர்

எல்லாம் சுத்தம் பண்ணிட்டேன், ஏபிடி சரியாயிடுச்சு. கான்ஃபிகர் கடைசியில ஈனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் போடச் சொல்லுது. போட்டா மேக் முடியவே மாட்டேங்குது, கூட எல்டிஓவும் சேர்த்தா "கில்டு" வந்து நிக்குது. 1 ஜிபி ராம் விஎம்.

நவம்பர் 6, இரவு 9.00

ஈனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் என்றால் பிஜிஓ. முதலில் அளவிடும் குறியீடுகளோடு ஒரு முறை கட்டும். அந்த பைத்தானைக் கொண்டு டெஸ்ட் தொகுப்பின் ஒரு பகுதியை ஓட்டி, எந்தக் கிளைகள் அதிகம் நடமாடுகின்றன என்று பதிவு செய்யும். பிறகு எல்லாவற்றையும் அழித்து, அந்தப் பதிவை சி கம்பைலரான ஜிசிசிக்குக் கொடுத்து மறுபடி கட்டும். நடுவில் டெஸ்டுகள் ஓடும் கட்டம் -ஜே4 கொடுத்தாலும் வேகமாகாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். நின்றுவிட்டது என்று கண்ட்ரோல்-சி அடிப்பவர்கள் பெரும்பாலும் அடிப்பது இங்கேதான். சில டெஸ்டுகள் தோற்றாலும் பில்ட் தொடரும். அது பயிற்சி ஓட்டம், தேர்வு இல்லை.

"கில்டு" என்பது கெர்னலின் ஓஓஎம் கில்லர், நினைவகம் தீர்ந்தால் ப்ராசஸை நிறுத்துவது. டிமெசேஜில் "அவுட் ஆஃப் மெமரி" வரியைப் பார்த்தால் சிசி1 அல்லது எல்டிஓ1 என்று பெயர் இருக்கும். எல்டிஓ லிங்க் நேரத்தில் முழு இன்டர்ப்ரெட்டரையும் சேர்த்துப் பார்ப்பதால் நினைவகம் நிறைய கேட்கும். 1 ஜிபியில் வழி: எல்டிஓவை விடுங்கள், -ஜே1 வையுங்கள், 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று போடுங்கள். ஃபாலோகேட் -எல் 2ஜி, சிமோட் 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன். பில்ட் முடிந்ததும் நீக்கிவிடலாம்.

அதைவிட நல்லது, அதே உபுண்டு 22.04 ஓடும் பெரிய மெஷினில் அதே ப்ரிஃபிக்ஸில் கட்டி, அடைவை டார் செய்து எடுத்து வருவது. ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி-லைப்ரரி) பதிப்பு ஒத்துப்போக வேண்டும். 24.04இல் கட்டியதை 22.04க்குக் கொண்டு வந்தால் "ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்" என்று நிற்கும். எதிர்த்திசையில் ஜிலிப்சி தொல்லை தராது. ரன்டைம் லைப்ரரிகள், லிப்எஸ்எஸ்எல்3 போன்றவை, சேரும் இடத்தில் இருக்க வேண்டும், டெவ் பேக்கேஜ்கள் வேண்டாம்.

முதலில் எல்லாம் சரியாகக் கட்டுகிறதா என்று பார்க்கும்போது ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டுங்கள். மாட்யூல் பட்டியல் சுத்தமான பிறகு ஒரே ஒரு முறை ஆப்டிமைசேஷனோடு.

நவம்பர் 8, காலை 11.20 · வேறொரு வாசகர்

சென்ட்ஓஎஸ் 7, மாற்ற முடியாத மெஷின். ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல் இருக்கிறது, ஆனாலும் 3.12இல் _எஸ்எஸ்எல் மிஸ்ஸிங். ஆப்டிமைசேஷன் போட்டால் "குட் நாட் இம்போர்ட் ரன்பிஒய் மாட்யூல்".

நவம்பர் 8, மாலை 5.30

முதலில் ஒன்று: சென்ட்ஓஎஸ் 7இன் ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்துவிட்டது. பேக்கேஜ்களை வால்ட்.சென்ட்ஓஎஸ் களஞ்சியத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். ஏபிடி போல அங்கே இருக்கும் யம், பைத்தான் 2.7இல் எழுதியது. /யூஎஸ்ஆர்/பின்/பைத்தானைத் திருப்பினால் யம் செத்துவிடும், ஏபிடியைவிட மோசம்.

இரண்டு பிழைக்கும் காரணம் வயது. 3.10 முதல் சிபைத்தானுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும். உங்களிடம் இருப்பது 1.0.2. ஹெடர் இருந்தாலும் கான்ஃபிகர் நிராகரிக்கும். ரன்பிஒய் பிழை ஜிசிசியுடையது. 8.1க்கு முந்தைய ஜிசிசியில் பிஜிஓ கட்டம் இப்படி விழுகிறது, சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 4.8.5. டெவ்டூல்செட்-11 போட்டு, எஸ்சிஎல் ஈனேபிள் வழியாக அந்த ஷெல்லுக்குள் நின்று கட்டினால் போய்விடும்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு இரண்டு வழி. சுலபமானது, கூடுதல் பேக்கேஜ்கள் தரும் ஈபெல் களஞ்சியத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்11-டெவல். அது தன் பிகேஜி-கான்ஃபிக் பெயரை ஓப்பன்எஸ்எஸ்எல்11 என்று வைத்திருப்பதால் சிபைத்தான் தேடும் பெயரில் கிடைக்காது. கான்ஃபிகர் கோப்பில் "பிகேஜி_கான்ஃபிக் ஓப்பன்எஸ்எஸ்எல்" என்று வரும் இடங்களை செட் கட்டளை வைத்து "ஓப்பன்எஸ்எஸ்எல்11" என்று மாற்றிவிட்டு ஓட்ட வேண்டும். அழகான வழி இல்லை, ஆனால் வேலை செய்யும்.

இரண்டாவது, ஓப்பன்எஸ்எஸ்எல் 3ஐயும் சோர்ஸிலிருந்து கட்டுவது. அதன் கான்ஃபிக் ஸ்கிரிப்ட் பெர்ல். "ஐபிசி/சிஎம்டி.பிஎம் கிடைக்கவில்லை" என்றால் பெர்ல்-ஐபிசி-சிஎம்டி பேக்கேஜ். ப்ரிஃபிக்ஸ் /ஆப்ட்/ஓப்பன்எஸ்எஸ்எல்3, ஓப்பன்எஸ்எஸ்எல்டிர் /ஆப்ட்/ஓப்பன்எஸ்எஸ்எல்3/எஸ்எஸ்எல். மேக், பிறகு மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ. வெறும் இன்ஸ்டால் என்றால் மேனுவல் பக்கங்களைத் தயாரிப்பதிலேயே நேரம் போகும். அதன்பின் பைத்தான் கான்ஃபிகருக்கு --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்=/ஆப்ட்/ஓப்பன்எஸ்எஸ்எல்3, --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்=ஆட்டோ. ஆர்பாத் (லைப்ரரி இருக்கும் இடத்தை பைனரிக்குள்ளேயே எழுதுவது) இல்லாவிட்டால் கட்டிய பிறகு இம்போர்ட் நேரத்தில் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 கிடைக்காது. சிபைத்தான் இதை மேக் நேரத்திலேயே கண்டுபிடித்து, அந்த மாட்யூலை ஏற்ற முடியவில்லை என்று பெயர் மாற்றி ஒதுக்கி வைக்கும். "மிஸ்ஸிங்" பட்டியலில் அது இருக்காது, அதற்கு அடுத்த பத்தியில் இருக்கும். இரண்டு பத்தியையும் படியுங்கள்.

நவம்பர் 8, இரவு 10.50

மேலே சொன்னதோடு சேர்க்க வேண்டிய இரண்டு.

64-பிட் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 தன்னை லிப்64 அடைவில் வைத்துக்கொள்கிறது. பைத்தான் கான்ஃபிகர் லிப் என்ற பெயரில்தான் தேடும். ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் கட்டும்போதே --லிப்டிர்=லிப் கொடுத்துவிடுங்கள். இது ஒன்று போதும் ஒரு நாளை விழுங்க.

அடுத்தது சான்றிதழ். நீங்கள் கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் தன் எஸ்எஸ்எல் அடைவில் சான்றிதழ்களைத் தேடும், அது காலி. இம்போர்ட் எஸ்எஸ்எல் வெற்றி, யூஆர்எல்லிப்பில் ஒரு ஹெச்டிடிபிஎஸ் முகவரியைத் திறந்தால் "சர்டிஃபிகேட்_வெரிஃபை_ஃபெயில்டு". பிப் தன்னுடன் ஒரு சான்றிதழ்க் கட்டைக் கொண்டு வருகிறது, அதனால் பிப் ஓடுவதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டக்கூடாது. /ஈடிசி/பிகேஐ/டிஎல்எஸ்/சர்ட்.பெம் கோப்புக்கு உங்கள் எஸ்எஸ்எல் அடைவுக்குள் அதே பெயரில் ஒரு சிம்லிங்க் போதும். டெபியன் குடும்பத்தில் மூலக் கோப்பு /ஈடிசி/எஸ்எஸ்எல்/சர்ட்ஸ்/சிஏ-சர்டிஃபிகேட்ஸ்.சிஆர்டி. பைத்தான் எங்கே தேடுகிறது என்பதை எஸ்எஸ்எல்.கெட்_டிஃபால்ட்_வெரிஃபை_பாத்ஸ் சொல்லும்.

நவம்பர் 10, காலை 8.10 · வேறொரு வாசகர்

ஈனேபிள்-ஷேர்டு (லிப்பைத்தானைத் தனி லைப்ரரிக் கோப்பாகக் கட்டுவது) போட்டால் பைத்தான் தொடங்கவே இல்லை. "லிப்பைத்தான்3.12.எஸ்ஓ.1.0: கெனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்". எல்டிகான்ஃபிக்கில் சேர்த்தேன், ஓடுகிறது. இதையும் குறிப்பில் சேர்க்கலாம்.

நவம்பர் 10, இரவு 9.20

எல்டிகான்ஃபிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டியில் ஒரு அடைவைச் சேர்த்தால் அது மெஷின் முழுவதுக்கும் பொருந்தும். சிஸ்டத்தின் பைத்தானும் 3.12 ஆக இருக்கும் 24.04ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிடிபி அதே பெயருள்ள லிப்பைத்தானோடு இணைக்கப்பட்டது. உங்கள் அடைவு முன்னால் வந்தால் அது உங்களுடையதை ஏற்றும். ரெட்ஹேட் குடும்பத்தில் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 தானே ஷேர்டு, அங்கே விளைவு இன்னும் நேரடி.

ஆர்பாத்தை பைனரிக்குள் எழுதிவிடுவதே சரி. கான்ஃபிகருக்கு முன்னால் எல்டிஃப்ளாக்ஸ்="-டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/பைத்தான்/3.12.12/லிப்". கட்டிய பிறகு ரீட்எல்ஃப் -டி கொடுத்தால் ரன்பாத் வரி தெரிய வேண்டும்.

இன்னொரு பொறி: ஏற்கெனவே வேறு 3.12.x ஷேர்டாக நிறுவியிருந்தால், பில்ட் அடைவில் ./பைத்தான் ஓட்டும்போது பழைய லைப்ரரியை ஏற்றி பழைய எண்ணையே காட்டலாம். கட்டியது வீணாகவில்லை. எல்டிடி பார்த்தால் எது ஏறுகிறது என்று தெரியும்.

யாருக்கு ஷேர்டு வேண்டும்? பைத்தானைத் தனக்குள் வைத்து ஓட்டும் மென்பொருள்களுக்கு: மாட்_டபிள்யூஎஸ்ஜிஐ, போஸ்ட்கிரஸின் பிஎல்/பைத்தான், பைஇன்ஸ்டாலர். வெப் ஆப்பை விஎன்வ்க்குள் (ப்ராஜெக்டுக்கான தனி பைத்தான் சூழல்) ஓட்டுபவருக்குத் தேவையில்லை. வேகம் குறையும் என்ற பழைய பயம் 3.10க்குப் பின் பெரிதாக இல்லை. ஈனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸோடு -எஃப்நோ-செமான்டிக்-இன்டர்பொசிஷன் சேர்ந்து வருவதால் ஜிசிசியில் ஷேர்டு பில்டின் வேகம் 30% வரை கூடியது.

நவம்பர் 11, காலை 7.00

கட்டிய அடைவை எம்வி செய்து வேறு இடத்துக்கு மாற்றாதீர்கள். பைத்தான் ஓடும், தன் லைப்ரரியைத் தன் இருப்பிடத்திலிருந்து கண்டுபிடித்துவிடும். ஆனால் பிப்பின் முதல் வரியில் பழைய பாத் எழுதியிருக்கும், "பேட் இன்டர்ப்ரெட்டர்" வரும். ஆர்பாத்தும் பழையதையே காட்டும். இதற்காகவே பிப்3.12 என்று நேராக அழைக்காமல் பைத்தான்3.12 -எம் பிப் என்று அழைப்பது நல்லது.

நவம்பர் 12, இரவு 8.30 · வேறொரு வாசகர்

கான்ஃபிகர் தொடங்கிய ஐந்தாவது வினாடியில் "கெனாட் ரன் சி கம்பைல்டு ப்ரோக்ராம்ஸ்". ஜிசிசி இருக்கிறது. ஹலோ வேர்ல்டு ஹோமில் ஓடுகிறது.

நவம்பர் 12, இரவு 8.50

சோர்ஸை /டிஎம்பியில் பிரித்திருப்பீர்கள். அங்கே நோஎக்ஸெக் மவுண்ட், அதாவது எந்தப் ப்ரோக்ராமையும் ஓட்ட விடாது. மவுண்ட் என்று அடித்துப் பாருங்கள். ஹோமுக்கோ /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சிக்கோ மாற்றுங்கள். அந்தச் செய்தி கிராஸ்-கம்பைல் பற்றிப் பேசுவதால் பலர் --ஹோஸ்ட் கொடுக்கப் போய்விடுகிறார்கள், அது வேறு பாதை.

நவம்பர் 14, காலை 10.40 · வேறொரு வாசகர்

2025இல் யார் இதெல்லாம் செய்கிறார்கள்? வேண்டிய பைத்தானை நிறுவித் தர பைஎன்வ் இருக்கிறது, யூவி இருக்கிறது.

நவம்பர் 14, இரவு 9.45

பைஎன்வ் உள்ளே செய்வது இதே கான்ஃபிகர், மேக்தான். டெவ் பேக்கேஜ் விடுபட்டால் பைஎன்வ்விலும் விடுபடும். இந்தக் குறிப்புகள் அங்கும் அப்படியே பொருந்தும். யூவி இறக்குவது முன்பே கட்டி வைத்த பைனரி. ஒரு டெவலப்பரின் லேப்டாப்புக்கு நானும் அதையே சொல்வேன்.

சோர்ஸ் தேவைப்படும் இடங்கள் வேறு. சிஸ்டத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லையே பயன்படுத்த வேண்டும், டிஸ்ட்ரோ அதற்கு பேட்ச் வெளியிடும்போது பைத்தானும் சேர்ந்து பயன்பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு உள்ள சர்வர். முன்பே கட்டிய பைனரி தன் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஜில் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) இல்லாத 3.13ஐ டிசேபிள்-ஜில் கொடுத்து நாமே கட்டிப் பார்க்க விரும்புவது. டீபக் பில்ட். 3.12 இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் கட்டத்தில் இருக்கிறது என்பதும் ஒன்று. 2028 அக்டோபர் வரை பைத்தான்.ஆர்க் தருவது சோர்ஸ் மட்டும், இன்ஸ்டாலர் 3.12.10உடன் நின்றுவிட்டது.

இறக்கிய டார் கோப்பைச் சரிபார்க்க ஜிபிஜி கையொப்பம் 3.13 வரை உண்டு. 3.14இலிருந்து அது இல்லை, சிக்ஸ்டோர் என்ற வேறு கையொப்ப முறை மட்டும். பழைய ஸ்கிரிப்டில் .ஏஎஸ்சி கோப்பை இறக்கும் வரி இருந்தால் 3.14க்கு மாறும்போது அங்கே உடையும்.

நவம்பர் 17, மாலை 7.15 · கேள்வி கேட்டவர்

கட்டியாச்சு, பிப் ஓடுது. ரெண்டு சின்ன விஷயம். பைத்தானுக்குள்ள மேல் அம்பு அழுத்தினா ^[[ஏ ன்னு எழுத்து விழுது. /ஆப்ட்டுக்கு பாத் சேர்த்திருக்கேன், ஆனா சுடோ பைத்தான்3.12 ன்னா கமாண்ட் நாட் ஃபவுண்ட்.

நவம்பர் 17, இரவு 9.10

முதலாவது, தட்டும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் இல்லாதது. லிப்ரீட்லைன்-டெவ் போட்டு, டிஸ்ட்க்ளீன், கான்ஃபிகர், மேக். 3.13இல் புதிய ரெப்பல் (பைத்தானுக்குள் நேராகத் தட்டும் திரை) வந்துவிட்டது, அதற்கு கர்சஸ் வேண்டும். அதனால் என்கர்சஸையும் விடாதீர்கள்.

இரண்டாவது, சுடோ உங்கள் பாத்தை எடுத்துக்கொள்வதில்லை, சுடோயர்ஸ் கோப்பில் செக்யூர்_பாத் என்று உள்ளதையே பயன்படுத்தும். முழுப் பாதையை அடியுங்கள். செக்யூர்_பாத்தைத் திருத்த வேண்டாம். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பிலும் விஎன்வ்வுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையையே எழுதுங்கள்.

நவம்பர் 20, இரவு 10.30

5ஆம் தேதி குறிப்பில் ப்ரிஃபிக்ஸை 3.12.12 என்று முழு எண்ணோடு கொடுத்தேன். அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முழு எண் வைத்தால் 3.12.13 வரும்போது பக்கத்திலேயே கட்டலாம், சரியில்லையென்றால் பழையது அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு விஎன்வ்வும் தான் பிறந்த பைத்தானுக்கு சிம்லிங்க் வைத்திருக்கிறது, பைவிஎன்வ்.சிஎஃப்ஜியில் ஹோம் வரியும் அதையே காட்டும். பழைய அடைவை அழித்தால் எல்லா விஎன்வ்வும் ஒன்றாக விழும். ஒவ்வொன்றிலும் புதிய பைத்தானிலிருந்து -எம் விஎன்வ் --அப்கிரேட் ஓட்ட வேண்டும்.

ப்ரிஃபிக்ஸை 3.12 என்று மட்டும் வைத்தால் புதியதை அதன் மேலேயே நிறுவலாம், விஎன்வ்களைத் தொட வேண்டாம். 3.12க்குள் சி-எக்ஸ்டென்ஷன்களின் பைனரி இடைமுகம் (ஏபிஐ) மாறாது. ஆனால் நிறுவும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பின்னால் ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்தால் பழைய இன்டர்ப்ரெட்டரும் புதிய லைப்ரரியும் கலக்கும். சர்வீஸ்களை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

விஎன்வ் ஒன்றிரண்டு இருக்கும் சர்வரில் முழு எண், பல பேர் பல விஎன்வ் வைத்திருக்கும் மெஷினில் 3.12. 3.13க்குப் போவது எப்படியும் தனி அடைவு, புது விஎன்வ்.

நவம்பர் 23, காலை 9.15 · வேறொரு வாசகர்

ஆப்பிளின் மேக் கணினியில் இதே வேலை?

நவம்பர் 23, இரவு 8.00

எக்ஸ்கோடு-செலக்ட் --இன்ஸ்டால், பிறகு ஹோம்ப்ரூவில் ஓப்பன்எஸ்எஸ்எல்@3, எக்ஸ்இசட், ஜிடிபிஎம், பிகேஜி-கான்ஃபிக். ஆப்பிள் ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்களைத் தருவதில்லை, அதனால் --வித்-ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ப்ரூ --ப்ரிஃபிக்ஸ் காட்டும் பாதை கட்டாயம். பில்ட் அடைவில் பைத்தான்.இஎக்ஸ்இ என்ற பெயர் வந்தால் விண்டோஸுக்குக் கட்டிவிட்டோமோ என்று நினைக்க வேண்டாம். மேக் கணினியின் கோப்பு முறை வழக்கமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. சோர்ஸில் பைத்தான் என்ற அடைவு ஏற்கெனவே இருப்பதால் மோதாமல் இருக்க அந்தப் பெயர். நிறுவும்போது சரியாகிவிடும்.

நவம்பர் 26, இரவு 9.40

நிறுவும் முன் சரிபார்ப்பு பற்றிக் கேட்டிருந்தார்கள். முழு மேக் டெஸ்ட் நல்லதுதான், ஆனால் நேரம் எடுக்கும். ரூட்டாக ஓட்டினால் அனுமதி சார்ந்த சில டெஸ்டுகள் வேறு மாதிரி நடக்கும். சாதாரண யூசராக, பில்ட் அடைவில் நின்று, ./பைத்தான் -எம் டெஸ்ட் -ஜே2 கொடுத்து, பின்னால் டெஸ்ட்_எஸ்எஸ்எல், டெஸ்ட்_எஸ்கியூலைட்3, டெஸ்ட்_சிடைப்ஸ், டெஸ்ட்_ஜீலிப், டெஸ்ட்_பிஇசட்2, டெஸ்ட்_எல்இசட்எம்ஏ. மாட்யூல் கட்டப்படாமல் இருந்தால் டெஸ்ட் தோற்காது, "ஸ்கிப்டு" என்று தாண்டிப் போகும். ஆகவே தோல்வி எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஸ்கிப்டு வரியையும் பாருங்கள்.

அந்த ஆறும் ஓடி, ஸ்கிப்டு பட்டியல் காலியாக இருந்தால் சுடோ மேக் ஆல்ட்இன்ஸ்டால்.

டிஸ்க் இடம் குறைவு என்றால் கான்ஃபிகரிலேயே --டிசேபிள்-டெஸ்ட்-மாட்யூல்ஸ் கொடுத்தால் டெஸ்ட் அடைவு நிறுவப்படாது, --வித்அவுட்-ஸ்டாடிக்-லிப்பைத்தான் கொடுத்தால் .ஏ கோப்பும் வராது. பில்ட் அடைவை மட்டும் உடனே அழிக்க வேண்டாம். கான்ஃபிக்.லாக் கோப்பின் தலைப்பில் நீங்கள் கொடுத்த கான்ஃபிகர் வரி முழுதாக இருக்கும், அடுத்த பேட்ச் வரும்போது அதையே நகலெடுத்து ஓட்டலாம்.